இடது காதில் நால்வர், வலது காதில் நால்வர்: ஆர்னெட் கோல்மனின் ‘ஃப்ரீ ஜாஸ்’

என் இயர்போனின் இடது பக்கம் போன வருஷம் மழைக்காலத்தில் செத்துப்போனது. வயர் முறுக்கிக்கொண்டிருந்த இடத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் கொஞ்சம் வரும், விட்டால் போய்விடும். புதிது வாங்கச் சோம்பல். அந்தச் சமயம் நான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்த ஆல்பம் அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மனின் ‘ஃப்ரீ ஜாஸ்’. நாலைந்து வருஷமாக இரண்டு காதாலும் கேட்டுப் பிடிபடாத ஒன்று, ஒற்றைக் காதால் கேட்டபோது பிடிபட ஆரம்பித்தது.

முதலில் எல்லோரும் சேர்ந்து ஒரு முழக்கம். அப்புறம் ஒரு பாஸ் கிளாரினெட் தனியாகக் கிளம்பியது. நன்றாகக் கேட்டது. அடுத்து ஒரு டிரம்பெட், அதுவும் பக்கத்திலேயே நின்று ஊதுவது போலக் கேட்டது. மூன்றாவதாக ஒருவர் வாசிக்க வேண்டும். அந்த ஆளை ஏறத்தாழக் காணவே இல்லை. ஆனால் பாஸும் (கீழ் ஸ்தாயியில் ஒலிக்கும் பெரிய தந்தி வாத்தியம்) டிரம்ஸும் நிற்கவில்லை, யாருக்கோ ஈடுகொடுத்துப் போய்க்கொண்டே இருந்தன. கிளாரினெட்டும் டிரம்பெட்டும் நடுநடுவே எதற்கோ பதில் சொல்கின்றன, எதையோ கேட்டுச் சிரிக்கின்றன, சட்டென்று அடங்குகின்றன. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் போன் பேசுவதைக் கேட்டுக்கொண்டு வருகிற மாதிரி: ‘ஆமா’, ‘அப்படியா’, ‘சேச்சே’ மட்டும் நம் காதில் விழுகிறது, எதிர்முனையில் இருப்பவர் என்ன சொன்னார் என்பதை இந்தப் பதில்களிலிருந்து ஊகித்துக்கொள்கிறோம். இப்படிப் பத்து நிமிடம் ஓடியது. காணாமல் போயிருந்தவர் ஆர்னெட் கோல்மன், ஆல்பத்தின் சொந்தக்காரர்.

இந்த இசைத்தட்டைப் பற்றி உலவுகிற பேச்சு தெரிந்ததுதான்: எட்டுப் பேரை ஒரு அறைக்குள் விட்டு, இஷ்டத்துக்கு வாசியுங்கள் என்று சொல்லி டேப்பை ஓடவிட்டார்கள், 37 நிமிடம் கழித்து நிறுத்தினார்கள். பெயரும் அதற்குத் தோதாக அமைந்துவிட்டது. ஒற்றைக் காதில் எனக்குக் கேட்டது அது இல்லை. ஒரு பக்கத்தை மூடினாலும் மறுபக்கம் தன்னளவில் ஒரு முழுக் குழுவாக நிற்கிறது. அது தற்செயலாக அமையாது. யாரோ உட்கார்ந்து யோசித்து ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அந்த ஏற்பாடு என்ன, அது எங்கே வேலை செய்கிறது, எங்கே இடறுகிறது என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

புதன்கிழமை, நியூயார்க்

1960 டிசம்பர் 21. நியூயார்க் நகரத்தின் ஏ அண்ட் ஆர் ஸ்டுடியோ. லேபிள் அட்லாண்டிக், தயாரிப்பாளர் நெசூஹி எர்டெகன், ஒலிப்பதிவு டாம் டவுட். அன்று எடுத்தது இரண்டே டேக், அதாவது ஆரம்பத்திலிருந்து முடிவு வரை வாசித்துப் பதிந்தது இரண்டே தடவை. முதல் டேக் சுமார் 17 நிமிடம். இரண்டாவது 37 நிமிடம், அதுதான் ஆல்பமாக வெளிவந்தது. வெட்டு ஒட்டு கிடையாது. வினைல் தட்டின் ஒரு பக்கத்தில் அவ்வளவு நீளம் அடங்காது என்பதால் நடுவில் மட்டும் பிரித்துப் போட்டார்கள். அந்தக் காலத்து ரசிகர் ஏறத்தாழப் பாதியில் எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போட்டுவிட்டு வந்து உட்கார வேண்டும். முதல் டேக் பத்து வருஷம் பெட்டியில் கிடந்து, 1971ல் ‘ட்வின்ஸ்’ என்ற தொகுப்பில் வந்தது.

அப்போது ஆர்னெட்டுக்கு வயது 30. டெக்சாஸ் மாநிலத்து ஃபோர்ட் வொர்த்தில் பிறந்தவர். லாஸ் ஏஞ்சலஸில் லிஃப்ட் ஓட்டிப் பிழைத்துக்கொண்டே இசைக் கோட்பாட்டுப் புத்தகங்களைப் படித்தவர். பித்தளை சாக்ஸபோன் வாங்கக் காசில்லாமல் 1954ல் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் ஆல்டோ சாக்ஸபோன் வாங்கினார். பிற்பாடு அதன் வறட்டுத் தொனி பிடித்துப்போய் அதையே வைத்துக்கொண்டார். மாடர்ன் ஜாஸ் குவார்டெட்டின் ஜான் லூயிஸ் கண்ணில் பட்டதால் அட்லாண்டிக்கின் கதவு திறந்தது. 1959 நவம்பரில் நியூயார்க் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் அவருடைய நால்வர் குழு வாசிக்க ஆரம்பித்ததும் ஊர் இரண்டாகப் பிரிந்தது. மேற்கத்திய செவ்வியல் இசை நடத்துநர் லெனார்ட் பெர்ன்ஸ்டைன் தலையில் தூக்கி வைத்து ஆடினார், ஜாஸ் டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ் முகம் சுளித்தார்.

சண்டைக்குக் காரணம் ஒரு நாற்காலி. அவர் குழுவில் பியானோக்காரருக்கு நாற்காலி போடவில்லை. அதுவரையிலான ஜாஸில் பெரும்பாலும் பியானோதான் வேலி: கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கொத்துகளை, ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகும், ஊதுகிறவர் தன் மனோதர்மத்தை அந்த வேலிக்குள் காட்ட வேண்டும். ஆர்னெட் வேலியைப் பிடுங்கிப் போட்டுவிட்டார். மெட்டு எந்தப் பக்கம் திரும்புகிறதோ, பாஸ் வாசிப்பவர் அந்தப் பக்கம் கூடவே வர வேண்டும், அவ்வளவுதான் ஒப்பந்தம். நால்வர் குழுவில் இது நடந்தது. எட்டுப் பேரை வைத்துக்கொண்டு இதையே செய்ய முடியுமா என்பதுதான் அந்தப் புதன்கிழமை ஸ்டுடியோவில் அவர் முன் இருந்த கேள்வி.

யார் எந்தப் பக்கம்

ஆல்பத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி. இடது வலது பக்கங்களுக்குத் தனித்தனி ஒலி தரும் ஸ்டீரியோ அப்போது புதுசு. பல லேபிள்கள் அதை வித்தை காட்டப் பயன்படுத்தின, ரயில் இடமிருந்து வலம் போகும் தட்டெல்லாம் விற்றது. ஆர்னெட் அதை வீடு பிரிக்கிற மாதிரி பயன்படுத்தினார். இடது பக்கம்: ஆல்டோ சாக்ஸபோனில் அவர், பாக்கெட் டிரம்பெட்டில் டான் செரி, பாஸில் ஸ்காட் லஃபாரோ, டிரம்ஸில் பில்லி ஹிக்கின்ஸ். வலது பக்கம்: பாஸ் கிளாரினெட்டில் எரிக் டால்ஃபி, டிரம்பெட்டில் ஃப்ரெடி ஹப்பார்ட், பாஸில் சார்லி ஹேடன், டிரம்ஸில் எட் பிளாக்வெல்.

இந்தப் பட்டியலை எல்லாரும் எழுதுவார்கள். அதற்குள் இருக்கிற சங்கதியை அவ்வளவாகப் பேசுவதில்லை. அந்த 1960ல் ஆர்னெட்டின் நிரந்தரக் குழு எது? அவர், செரி, ஹேடன், பிளாக்வெல். ஹிக்கின்ஸ் முன்பு இருந்தவர். நியூயார்க் கிளப்புகளில் வாசிக்க போலீஸ் தரும் அனுமதி அட்டை கைவிட்டுப் போனதால் அவர் இடத்துக்கு பிளாக்வெல் வந்தார். ஸ்டுடியோவில் வாசிக்க அந்த அட்டை தேவையில்லை. ஆக, கைக்குப் பழகிய குழுவை அப்படியே தன் பக்கம் வைத்துக்கொண்டு, வந்த விருந்தாளிகளை எதிர்ப்பக்கம் உட்காரவைத்திருக்கலாம். சுலபமான வழி அதுதான். அப்படிச் செய்திருந்தால் இந்த ஆல்பம் ‘நம்மாட்கள்’, ‘அவர்கள்’ என்ற போட்டியாக முடிந்திருக்கும்.

அவர் தன் குழுவைக் கிழித்தார். தினமும் கூட வாசிக்கிற ஹேடனையும் பிளாக்வெலையும் எதிர்ப்பக்கம் அனுப்பினார். தன் இசைக்குப் புதியவர்களான டால்ஃபிக்கும் ஹப்பார்டுக்கும் முதுகுக்குப் பின்னால், இந்த இசையின் நெளிவுசுளிவு தெரிந்த இரண்டு பேர். தன் பக்கத்துக்குப் பழைய கூட்டாளி ஹிக்கின்ஸைக் கூப்பிட்டுக்கொண்டார். பில் எவன்ஸின் மூவர் குழுவில் வாசித்துக்கொண்டிருந்த லஃபாரோவையும் சேர்த்துக்கொண்டார். இரண்டு பக்கத்திலும் பழையவரும் உண்டு, புதியவரும் உண்டு. கல்யாணப் பந்தியில் சம்பந்தி வீட்டாரைத் தனியாக ஒரு வரிசையில் உட்காரவைக்காமல் நம்மாட்களை நடுவில் கலந்து உட்காரவைக்கிற பெரிய மனுஷர்கள் இருப்பார்களே, அந்த சாமர்த்தியம்.

பாஸ் இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளவில்லை என்பதும் இந்தத் தேர்வினால்தான். ஹேடன் கீழ் ஸ்தாயியில் கனமாக நடப்பவர். சின்ன வயதில் குடும்பத்தோடு ரேடியோவில் கன்ட்ரி பாட்டுப் பாடி வளர்ந்தவருக்கு ஒரு சுரத்தை ஊன்றி நிறுத்துவது ரத்தத்திலேயே இருந்தது. லஃபாரோ நேர் எதிர்: மேல் ஸ்தாயி, கிட்டார் மாதிரி விரல் ஓட்டம். டிரம்ஸிலும் அதே ஏற்பாடு. ஒருவர் சீரான நடையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அதன் இரட்டிப்பு வேகத்தில் போகிறார். கோயில் வாசலில் இரட்டைத் தவில் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்த இடம் அந்நியமாக இருக்காது. ஒப்புமை அத்தோடு சரி. அங்கே இருவரையும் கட்டும் தாளச் சுற்று இங்கே இல்லை.

எட்டுப் பேரில் ஐந்து பேர் 25 வயதைத் தாண்டாதவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஹப்பார்டுக்கு 22, ஹேடனுக்கு 23, செரி, லஃபாரோ, ஹிக்கின்ஸ் மூவருக்கும் 24.

உள்ளே நடப்பது

சுரத்துக்கு விதி வைக்கவில்லையே தவிர, முறைக்கு வைத்திருந்தார்கள். தனி வாசிக்கும் வரிசை: டால்ஃபி, ஹப்பார்ட், ஆர்னெட், செரி, அப்புறம் ஹேடன், லஃபாரோ, கடைசியில் பிளாக்வெல், ஹிக்கின்ஸ். ஊதுகிறவர்களுக்கும் பாஸ்காரர்களுக்கும் ஆளுக்கு ஐந்து நிமிடத்துக்கு முன்பின்னாக. ஆர்னெட்டுக்கு மட்டும் அதைப்போல இரண்டு மடங்கு. டிரம்ஸ்காரர்களுக்கு ஒரு நிமிடம் சொச்சம்தான், பாவம். ஒருவர் முடித்து அடுத்தவர் எடுக்கும் ஒவ்வொரு சந்தியிலும் முன்கூட்டி எழுதிய ஒரு சின்ன முழக்கம் வருகிறது. சில இடங்களில் நாலு குழல்களும் ஆளுக்கொரு சுரத்தை நீளமாகப் பிடிக்கின்றன. கேட்டால் அது கார்டு போலவும் இல்லை, ஒரே சுரம் போலவும் இல்லை, நாலு கயிறு முறுக்கிய ஒரே வடம் மாதிரி இருக்கிறது. இந்த முழக்கங்கள்தான் தெருவிளக்கு. முதல் முறை கேட்கிறவர்கள் தொலைந்துபோவது விளக்குகளுக்கு நடுவிலுள்ள இருட்டைப் பார்த்துத்தான். விளக்கை மட்டும் எண்ணிக்கொண்டு வந்தால் வீடு வந்து சேரலாம்.

ஒருவர் தனி வாசிக்கும்போது மற்ற மூன்று குழல்களும் சும்மா இருக்க வேண்டியதில்லை, தோன்றினால் உள்ளே வரலாம். எல்லோரும் ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டும், ஆனால் ஒருவர் வழியை ஒருவர் மறிக்கக் கூடாது, ஒவ்வொருவருக்கும் தனியாக ஓட இடமும் வேண்டும் என்பது ஆர்னெட் சொன்ன நோக்கம். சொல்வது எளிது. கேட்டுப் பார்த்தால் அது எப்படி நிறைவேறுகிறது என்பது தெரியும். டால்ஃபியின் பகுதியில் அவருடைய பாஸ் கிளாரினெட் அடிவயிற்றிலிருந்து கிளம்பி ஒரே தாவலில் கீச்சென்று உச்சிக்குப் போகிறது. மற்றவர்கள் ஒரு நொடி தள்ளி நின்று வேடிக்கை பார்க்கிறார்கள், அப்புறம் ஒருவர் அந்தக் கீச்சின் வாலைப் பிடித்துத் திருப்பிச் சொல்கிறார்.

ஹப்பார்டின் பகுதிதான் எனக்கு உறுத்துகிற இடம். தேர்ந்த டிரம்பெட்காரர், சந்தேகமே இல்லை. ஆனால் அவர் வளர்ந்த ஹார்ட் பாப் என்ற ஜாஸ் பாணியின் பள்ளியில் பின்னால் கார்டு இருக்கும், அதன் மேல் ஏறி நடக்கலாம். இங்கே படிக்கட்டு இருக்கிற பாவனையில் காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறார். பாதிப் பகுதிக்கு மேல் மற்ற குழல்கள் கூட வந்து சேர்ந்த பிறகுதான் அவருக்கு மூச்சு வருகிறது என்று எனக்குப் படுகிறது. அந்தத் தடுமாற்றத்தை எடிட் செய்து எடுத்திருந்தால் ஆல்பம் மொழுக்கென்று ஆகியிருக்கும், நல்ல வேளை விட்டுவைத்தார்கள்.

ஆர்னெட்டின் பத்து நிமிடத்தைத்தான் நான் ஒற்றைக் காதில் தவறவிட்டேன். சரி, பிற்பாடு முழுசாகக் கேட்டபோது ஆச்சரியம் என்னவென்றால் அதில் புரட்சி வாடையே இல்லை. டெக்சாஸ் ப்ளூஸ் வீசுகிறது. குழந்தைகள் தெருவில் பாடுகிற மாதிரி ஒரு குட்டி மெட்டைப் போடுகிறார், இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்க்கிறார். வலது பக்கத்திலிருந்து டால்ஃபி அதைப் பிடித்துக்கொள்கிறார், செரி இன்னொரு சுருதியில் சேர்கிறார், கொஞ்ச நேரத்தில் நாலு பேரும் ஒரே மெட்டைச் சுற்றிக் கும்மியடிக்கிறார்கள். அதிலிருந்து ஆர்னெட் நைசாக நழுவி வேறு மெட்டுக்குப் போய்விடுகிறார். ‘ஆமா’, ‘அப்படியா’, ‘சேச்சே’ எல்லாம் இதற்குத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

கூட்டாகக் கற்பனை செய்வதை இவர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவும் இல்லை. கார்னெட், கிளாரினெட், டிராம்போன் மூன்றும் ஒரே நேரத்தில் பின்னிக்கொண்டு போவதுதான் 1920களின் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ். 1923ல் கிங் ஆலிவர் பதிவுசெய்த தட்டுகளிலேயே அது இருக்கிறது. பிளாக்வெல் அந்த ஊர்க்காரர். அவர் அடியில் அந்த ஊர் அணிவகுப்பு நடை ஒளிந்திருப்பது வலது காதில் மட்டும் கேட்டால் பளிச்சென்று தெரியும். நடுவில் வந்த முப்பது நாற்பது வருஷத்தில் ஜாஸ் தனி வித்வான்களின் கலையாகிவிட்டது. ஆர்னெட் பாட்டன் சொத்தைப் புது விலாசத்தில் திருப்பி எடுத்தார் என்றுகூடச் சொல்லலாம்.

வெளியே வந்தபின்

ஆல்பம் 1961 செப்டம்பரில் வந்தது. உறையின் வலது கீழ் மூலையில் ஒரு ஜன்னல் வெட்டியிருந்தார்கள். அதன் வழியே ஏதோ ஓவியத்தின் துணுக்கு தெரியும். உறையைப் பிரித்தால் ஜாக்சன் பொல்லாக் 1954ல் வரைந்த ‘தி வைட் லைட்’ முழுசாக இருக்கும். பொருத்தமான தேர்வுதான். ஆனால் கெடுதலும் செய்தது. பொல்லாக் என்றாலே பெயிண்டை வீசியடிப்பவர் என்று நினைக்கிறவர்கள், உள்ளே இருப்பதும் வீசியடித்த சத்தம் என்று கேட்பதற்கு முன்பே முடிவு கட்டிவிட்டார்கள். ‘ஃப்ரீ ஜாஸ்’ என்ற பெயர் கொஞ்ச நாளில் ஒரு இசை வகைக்கே பெயராகிவிட்டது. அப்புறம் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஆல்பத்தையே அளக்க ஆரம்பித்தார்கள். (என் நண்பர் ஒருவர் போன் திரையில் பெயரைப் பார்த்துவிட்டு, இலவசமா என்று கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த வெள்ளை மனசு பல விமர்சனங்களில் இல்லை.)

‘டவுன்பீட்’ என்ற ஜாஸ் பத்திரிகை 1962 ஜனவரி 18 இதழில் இந்த ஒரே ஆல்பத்துக்கு இரண்டு விமர்சனங்களைப் பக்கத்துப் பக்கத்தில் போட்டது. பீட் வெல்டிங் ஐந்து நட்சத்திரம் கொடுத்தார். ஜான் டைனன் ஒரு நட்சத்திரம்கூடக் கொடுக்கவில்லை. இதை ரசனை வேறுபாடு என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். எனக்கு வேறு ஒரு சந்தேகமும் உண்டு. அந்தக் காலத்தில் பல வீடுகளில் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கலந்து தரும் மோனோ கருவிதான், ஆல்பமும் மோனோவில் கிடைத்தது. மோனோவில் போட்டால் நடுச்சுவர் இடிந்து எட்டுப் பேரும் ஒரே குவியலாகிவிடுவார்கள். ஆர்னெட் கஷ்டப்பட்டுப் பிரித்த வீடு காணாமல் போகும், மிச்சமிருப்பது சந்தைக் கூச்சல். திட்டினவர்கள் எல்லோரும் மோனோவில் கேட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இந்த இசை பாதிக்குப் பாதி இடத்தால் ஆனது என்பதை மோனோவில் போட்டுப் பார்த்தவுடன் ஒப்புக்கொள்ளத் தோன்றும். போனில் மோனோ ஆக்கும் வசதி இருக்கிறது, ஒரு தடவை செய்து பாருங்கள்.

இதே பாணியில் ஆர்னெட் உடனே இன்னொரு ஆல்பம் போடவில்லை. 1962ல், அதே டிசம்பர் 21ஆம் தேதி, நியூயார்க் டவுன் ஹாலில் ஒரு கச்சேரி செய்துவிட்டு மேடையிலிருந்தே ஒதுங்கினார். டிரம்பெட்டும் வயலினும் பழகிக்கொண்டு 1965ல்தான் திரும்பினார். அந்த வருஷம் ஜூனில் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் தன்னையும் சேர்த்து 11 பேரை வைத்து ‘அசென்ஷன்’ பதிவுசெய்தார். கூட்டாக ஒரு முழக்கம், ஒரு தனி, மறுபடி முழக்கம் என்ற சட்டகம் ‘ஃப்ரீ ஜாஸ்’ போட்டுக்கொடுத்த பாதை. அதிலும் ஹப்பார்ட் ஊதுகிறார், இந்த முறை கால் தடுமாறவில்லை. 1970களில் ஆர்னெட் ‘பிரைம் டைம்’ குழுவை ஆரம்பித்து, நாளடைவில் இரண்டு கிட்டார், இரண்டு பாஸ், இரண்டு டிரம்ஸ் என்று அடுக்கியபோது பழைய இரட்டை வீட்டுக்கே திரும்பி வந்தார்.

முதல் டேக்கா, இரண்டாவதா என்று கேட்டால், முதலாவது கச்சிதம். முழுசாகக் கேட்டுவிட்டு வேலைக்குப் போகலாம். ஆனால் இரண்டாவதில்தான் ஆட்களுக்கு ஒருவரை ஒருவர் விசாரிக்க நேரம் கிடைக்கிறது. டால்ஃபி ‘ஃப்ரீ ஜாஸ்’ பதிவான அதே நாளில் நியூ ஜெர்ஸியில் வான் கெல்டர் ஸ்டுடியோவில் ‘ஃபார் க்ரை’ என்ற தன் சொந்த ஆல்பத்தையும் பதிவுசெய்தவர். அதற்கு முந்தின நாள் ‘ஜாஸ் அப்ஸ்ட்ராக்ஷன்ஸ்’ என்ற ஆல்பத்தின் பதிவில் ஆர்னெட், லஃபாரோவோடு இருந்தார். அந்த வாரம் அவர் எப்போது தூங்கினார் என்பது தனி ஆய்வு.

கடைசியில் நான் புது இயர்போன் வாங்கினேன். முதலில் கேட்டது ஆர்னெட்டின் பகுதியை இல்லை. நேராக 25ஆவது நிமிடத்துக்குத் தள்ளினேன், குழல்கள் ஓய்ந்து பாஸ் இரண்டும் தனித்து நிற்கும் இடம். ஒற்றைக் காது நாட்களில் அங்கே ஹேடன் மட்டும்தான் எனக்கு. தடித்த நரம்பை ஒரு தடவை மீட்டிவிட்டு அது அடங்கும் வரை காத்திருந்து அடுத்ததை மீட்டுவார், நடுவில் நீளமான வெறுமை. அந்த வெறுமை அவருடைய பாணி என்றே நினைத்திருந்தேன். இப்போது இடது காதில் லஃபாரோ வந்தார். ஹேடன் விட்ட இடங்களிலெல்லாம் உயரத்தில் சிலந்தி மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறார். சில நிமிடங்களில் முறை மாறி லஃபாரோ முன்னே வர, ஹேடன் அடியில் தாங்கிக்கொள்கிறார். 1961 ஜூலை 6ஆம் தேதி கார் விபத்தில் லஃபாரோ இறந்துபோனார், வயது 25. ஆல்பம் கடைக்கு வர இன்னும் இரண்டு மாதம் இருந்தது.